நான் அணைக்காத சூடம்

இது நடந்தது எழுபதுகளின் தொடக்கத்தில், ஒரு தை மாதம். நாகூருக்கு மேற்கே பஸ்ஸை விட்டு இறங்கி, வாய்க்கால் கரையோடு அரை மணி நேரம் நடந்தால் வரும் ஒரு சின்னக் கிராமம். அங்கே இருந்த ஆரம்பப் பள்ளியில் நான் டீச்சர். வயது இருபத்து மூன்று. எனக்கு மேலே ஒரு தலைமை ஆசிரியர் உண்டு. அவர் நாகப்பட்டினத்திலிருந்து சைக்கிளில் வருவார். வருவார் என்றுதான் சொல்ல முடியும், வந்தார் என்று சொல்லக்கூடிய நாட்கள் குறைவு. ஆகவே நாலு வகுப்புக்கும் மணியடிப்பது முதல் கதவைப் பூட்டுவது வரை எல்லாம் நான்தான்.

நான் தஞ்சாவூரில் பிறந்து வளர்ந்தவள். கிறிஸ்தவக் குடும்பம். அந்தக் கிராமத்தில் என்னைத் தவிர வேதக்காரர் என்று ஒருவர் கிடையாது. சாயந்தரம் ஜெபமாலையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால் என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்கும். சேர்ந்து சொல்ல ஆள் இல்லாத ஜெபம் எப்படி இருக்கும் என்பது தனியாக இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் விடியும் முன் கிளம்பி, நடந்து, பஸ் பிடித்து, டவுனில் இருக்கும் மாதா கோயிலில் பூசை பார்த்துவிட்டு வருவேன். வாரத்தில் அந்த ஒரு நாள்தான் நான் நாலு பேரோடு சேர்ந்து வாய் திறந்தேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த வயதில் எனக்குப் பக்தி கொஞ்சம் ஜாஸ்தி. பக்தி இருக்கிறது என்ற நினைப்பு அதைவிட ஜாஸ்தி. பொங்கலுக்கும் ஆடி மாதத்துக்கும் பிள்ளைகள் கோயில் பிரசாதம் கொண்டுவந்து கொடுப்பார்கள். முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள்வேன். அவர்கள் போனதும் காக்காய்க்குப் போட்டுவிட்டுக் கையைக் கழுவுவேன். என்னமோ பெரிய சோதனையில் ஜெயித்துவிட்டது போல அன்றைக்கு முழுக்க மனசு லேசாக இருக்கும். இப்போது நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது.

நான் குடியிருந்தது ஊரின் பெரிய மிராசுதார் வீட்டில். பின்கட்டை ஒட்டி ஒரு அறை. தனியாக இருக்கும் பெண்பிள்ளைக்கு அந்த ஊரில் வேறு யாரும் இடம் கொடுத்திருக்க மாட்டார்கள். அவர் நல்ல மனிதர் என்று நான் சொன்னால் சிலருக்குக் கோபம் வரலாம். என்னிடம் நல்லவராகத்தான் இருந்தார். என்னை வெறும் டீச்சர் என்று சொல்ல மாட்டார், டீச்சரம்மா என்பார். காலையில் உள்ளேயிருந்து எனக்கு ஒரு டம்ளர் காப்பி வந்துவிடும். தெற்குத் தெரு ஆட்களிடம் அவர் எப்படிப் பேசினார் என்பதும் எனக்குத் தெரியும். ஜன்னலைச் சாத்திக்கொள்ளப் பழகியிருந்தேன்.

தெற்குத் தெரு என்பது அவருடைய நிலத்தில் வேலை செய்தவர்கள் இருந்த இடம். பதினொரு குடிசைகள். குடிசை இருந்த மண்ணும் அவருடையதுதான். அந்த வருஷம் அறுவடைக் கூலியில் நெல்லைக் கொஞ்சம் கூட்டிக் கேட்டார்கள். அவர் மறுத்தார். இவர்கள் அரிவாளைக் கீழே வைத்துவிட்டார்கள். அவர் வெளியூர் ஆட்களை லாரியில் இறக்கினார். வயலில் செங்கொடி, வரப்பில் போலீஸ், இரண்டுக்கும் நடுவே முற்றிப்போய்த் தலை சாய்ந்து கிடக்கும் சம்பா நெல். அக்கம்பக்கத்து ஊர்களில் அதற்கு முன்னால் நடந்த கொடுமைகளை எல்லோரும் கேள்விப்பட்டிருந்தார்கள். அதனால் இரண்டு தரப்பும் மெதுவாகத்தான் பேசின, சாதாரணமாகக் கத்திப் பேசுகிறவர்கள்கூட.

இந்தச் சமயத்தில்தான், இன்னொருவர் நிலத்தில் குடிசை போட்டு இருக்கிறவர்களுக்கு அந்த மனையே சொந்தம் என்று சர்க்கார் சட்டம் கொண்டுவந்திருந்தது. சட்டம் ரேடியோவில் வந்துவிட்டது, ஊருக்குள் வரவில்லை. தெற்குத் தெருவில் ஒருவர் மட்டும் அதைப் பற்றி எங்கேயோ விவரமாகக் கேட்டுக்கொண்டு வந்திருந்தார். நாற்பது வயது இருக்கும். கூலி விஷயத்திலும் முன்னால் நின்று பேசியவர் அவர்தான். எழுதப் படிக்கத் தெரியாது. அவர் மனைவி எங்கள் பள்ளிக்கூடத்தைக் கூட்டிச் சுத்தம் செய்பவர். அந்த அம்மா மூலமாக என்னைக் கேட்டார்கள்: தாசில்தாருக்கு ஒரு மனு எழுதித் தர முடியுமா, வெளியே தெரியாமல்.

நான் யோசித்தேன். மிராசுதார் வீட்டுக் காப்பியைக் குடித்துக்கொண்டு அவருக்கு எதிராக மனு எழுதுவதா என்று ஒரு நெருடல். கஷ்டப்படுகிறவர்களுக்கு உதவுவது நம் வேதம் சொன்னதுதானே என்று இன்னொரு பக்கம். கடைசியில் சரி என்றேன். ரகசியமாகச் செய்கிற தர்மம் எனக்குப் பிடித்திருந்தது. ஆபத்தில்லாத தர்மம் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை, பள்ளி விட்ட பிறகு அந்தத் தெற்குத் தெருக்காரர் வந்தார். வாசலிலேயே நின்றார், உள்ளே வந்து உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை. பதினொரு குடிசையில் யார் யார் இருக்கிறார்கள், எத்தனை வருஷமாக, நான்கு பக்கமும் எல்லை எது என்று அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ஒவ்வொரு வீட்டைப் பற்றியும் அவ்வளவு நிதானமாகச் சொன்னார். தன் வீட்டைக் கடைசியில்தான் சொன்னார். எழுதி முடிக்க விளக்கு வைக்கும் நேரம் ஆகிவிட்டது. மறுநாள் மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்து ரேகை வைப்பதாக ஏற்பாடு. முதல் ரேகை அவருடையது. பள்ளிக்கூட ஸ்டாம்பு பேடை எடுத்துக் கொடுத்தேன். இடது கட்டைவிரலை அழுத்தி வைத்தார்.

அப்போதுதான் வடக்கே வானம் சிவந்ததைப் பார்த்தோம். மிராசுதாரின் களத்தில் வைக்கோல் போர் எரிகிறது. நான் அப்படியே நின்றுவிட்டேன். அவர் நிற்கவில்லை. துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு களத்தைப் பார்த்து ஓடினார். அணைக்கத்தான் ஓடினார். ஓடிய ஓட்டத்தைப் பார்த்த எனக்கு அதில் சந்தேகமே இல்லை. ஆனால் களத்தில் இருந்தவர்கள் பார்த்தது, கூலிச் சண்டையில் முன்னால் நின்ற ஆள் எரிகிற போருக்குப் பக்கத்தில் கரி படிந்த உடம்போடு நின்றதை. வேறென்ன வேண்டும்?

நான் மனுவை வருகைப் பதிவேட்டுக்குள் மடித்து வைத்துவிட்டு அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

மறுநாள் காலை பிடாரி கோயில் வாசலில் ஊர் கூடியது. அந்த ஊரில் ஒரு வழக்கம். திருட்டு, தீ, எல்லைத் தகராறு எதுவானாலும் போலீஸுக்குப் போவதற்கு முன் பிடாரி முன்னால் சூடம் ஏற்றுவார்கள். பழி சுமந்தவர், அல்லது அவருக்காகச் சாட்சி சொல்கிறவர், எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துவிட்டு நடந்ததைச் சொல்ல வேண்டும். நடந்தது முழுவதையும் சொல்ல வேண்டும், ஒன்றை மறைத்து ஒன்றைச் சொன்னால் அது பொய்ச் சத்தியம், குடும்பத்தையே வாரிக்கொண்டு போய்விடும் என்று நம்பிக்கை. அணைத்துச் சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை. மிராசுதாரானாலும் ஏற்றுக்கொள்ள வேண்டும். தெற்குத் தெருக்காரர்களுக்குக் கோயிலுக்குள் இடம் கிடையாது. அவர்களுக்கென்று வெளியே ஒரு கல். அதன் மேல்தான் சூடம் வைப்பார்கள். உள்ளே விடாத சாமியின் பேரில் சத்தியம் மட்டும் வாங்கிக்கொள்வார்கள்.

அவரைக் கல்லுக்கு முன்னால் நிறுத்தியிருந்தார்கள். தீயை நான் வைக்கவில்லை, சூடம் அணைக்கிறேன் என்றார். சரி, போர் தீப்பிடித்த நேரத்தில் எங்கே இருந்தாய், அதையும் சேர்த்துச் சொல் என்றார்கள். அவர் பேசவில்லை. சூடம் எரிந்துகொண்டிருந்தது. இடது கையை மூடி வைத்திருந்தார். உடம்பெல்லாம் கரியாக இருந்த மனிதரின் அந்த ஒரு விரலில் நீல மை இருந்தது எனக்கு மட்டும்தான் தெரியும். கட்டைவிரலை மற்ற விரல்களுக்குள் மடக்கிப் பொத்தியிருந்தார்.

பெண்கள் பக்கம் நான் நின்றிருந்தேன். எனக்கு எதிரே, கொஞ்சம் தள்ளி, அவர் மனைவி. அந்த அம்மா என்னைப் பார்த்தார். கெஞ்சவில்லை. பார்த்தார், அவ்வளவுதான். சூடம் தானாகவே எரிந்து அணைந்தது. கூட்டத்தில் ஒருவர், பார்த்தீங்களா, அணைக்கப் பயப்படறான் என்றார். யாரோ போலீஸ் வேனைக் கூப்பிட ஆள் அனுப்பச் சொன்னார்கள்.

எப்படித்தான் வாய் வந்ததோ தெரியவில்லை, நான் சொல்லிவிட்டேன்.

"அவர் அந்த நேரத்துல எங்க ஸ்கூல்ல இருந்தார்."

எல்லோரும் திரும்பினார்கள். விளக்கு வைக்கும் நேரத்தில், பிள்ளைகள் போன பிறகு, கல்யாணமாகாத டீச்சரோடு ஓர் ஆள் பள்ளிக்கூடத்தில் இருந்தான் என்று நானே என் வாயால் சொல்லியிருக்கிறேன் என்பது அவர்கள் முகங்களைப் பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. பின்னால் யாரோ கனைத்தார்கள். என் காது சுட்டது.

மிராசுதார் கோபப்படவில்லை. என்னைப் பார்த்து மெதுவாகத்தான் பேசினார்.

"டீச்சரம்மா பொய் சொல்ல மாட்டாங்க, எனக்குத் தெரியும். அவங்களே சூடத்த அணைச்சு, என்ன வேலையா வந்தான்னு முழுசாச் சொல்லட்டும். இவன இப்பவே விட்டுடறேன்."

விட்டிருப்பார். அதில் எனக்கு இன்றுவரை சந்தேகம் இல்லை. கல்லின் மேல் புதுச் சூடம் வைத்தார்கள். பூசாரி தீக்குச்சியைக் கிழித்தார். பத்தடி தூரம். நான் நடந்து போய்க் கையை வைத்திருந்தால் அதோடு முடிந்திருக்கும்.

என் மனசுக்குள் அப்போது இரண்டு விஷயங்கள் ஓடின. ஒன்று, வேறொரு சாமிக்கு முன்னால் சத்தியம் செய்வது என் வேதப்படி பெரிய பாவம். சின்ன வயதிலிருந்து ஞானோபதேச வகுப்பில் படித்தது. அது பொய்யான காரணம் இல்லை, நான் உண்மையிலேயே நம்பியது. இரண்டாவது, என்ன வேலையாக வந்தார் என்று சொன்னால் மனு வெளியே வரும். என் அறை போகும். ஒருவேளை வேலையும் போகும். இந்த இரண்டாவதை நான் நினைத்ததாக எனக்கு நானே காட்டிக்கொள்ளவில்லை. முதல் காரணத்தை எடுத்து அதன் மேல் போர்த்திவிட்டேன்.

"நான் வேதக்காரிங்க. எங்க மதத்துல இது கூடாது" என்றேன்.

கூட்டம் சலசலத்தது. அப்படியானால் சொன்னது பொய்தானே என்று ஒரு குரல். டீச்சரம்மாவே சூடத்துக்குப் பயப்படறாங்க என்று இன்னொரு குரல். மிராசுதார் மறுபடியும் கேட்க வாய் எடுத்தார். அதற்குள் கல்லுக்குப் பக்கத்தில் நின்றவர் பேசினார். அன்று காலையில் அவர் தானாகப் பேசியது அது ஒன்றுதான்.

"அவங்கள வற்புறுத்த வேணாங்கய்யா. அவங்க சாமிக்கு ஆகாதுன்னா விட்டுடுங்க."

எனக்காகப் பேசினார். என் நம்பிக்கைக்காகப் பேசினார். கொஞ்ச நேரத்தில் வேன் வந்தது. ஏற்றிக்கொண்டு போனார்கள். அப்போதும் இடது கை மூடியேதான் இருந்தது.

அடுத்த நாள் காலை பின்கட்டிலிருந்து வழக்கம் போலக் காப்பி வந்தது. கூடவே ஒரு தட்டில் இரண்டு இட்லி. டீச்சரம்மா ஏதோ பச்சாதாபத்தில் பேசிவிட்டாலும், சமயத்தில் சுதாரித்துக்கொண்டாள் என்று அந்த வீட்டில் முடிவு கட்டியிருந்தார்கள் போல. வைவார்கள் என்று பயந்திருந்தேன். வைதிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். இட்லியைத் தட்டோடு மூடி வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

பள்ளிக்கூடம் திறந்தேன். தெற்குத் தெருப் பிள்ளைகள் ஒருவர்கூட வரவில்லை. மற்ற தெருக்களிலிருந்து வந்த ஏழெட்டுப் பேரும் என்னைப் பார்த்து ஒருவரோடொருவர் ஏதோ கிசுகிசுத்தார்கள், வீட்டில் கேட்டதாக இருக்கும். கூட்டுவதற்கும் யாரும் வரவில்லை. நானே கூட்டினேன். பேர் கூப்பிடப் பதிவேட்டைத் திறந்தால் மனு. எடுக்கவும் கை வரவில்லை, அங்கேயே விட்டு வைக்கவும் முடியவில்லை. யாரிடமாவது இதைச் சொல்லலாம் என்றால் அந்த ஊரில் எனக்கு யார் இருக்கிறார்கள்? இரண்டு பக்கத்திலும் எனக்கு வேண்டியவர்கள் இல்லை. எனக்கு இருந்த ஒரே துணை ஜெபமாலை. அதை எடுத்தால் பாதி மணியில் நின்றுபோகும். நான் அணைக்காத சூடம் கண்ணுக்குள் எரிந்துகொண்டே இருக்கும்.

சனிக்கிழமை சாயந்தரம் வாய்க்கால் பக்கம் போனபோது தெற்குத் தெருவைப் பார்த்தேன். எண்ணிப் பார்த்தேன். பத்துக் குடிசைதான் இருந்தது. கடைசிக் குடிசை இருந்த இடத்தில் வெறும் தரை, மெழுகிய அடுப்பு மேடை மட்டும் இருந்தது. ஓலையும் கழியும் பிரித்துக் கரையோரம் போட்டிருந்தார்கள். அந்த அம்மா பயந்துபோய் வேளாங்கண்ணிப் பக்கம் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாராம். ஆள் இல்லாத குடிசை, பிரித்துவிட்டார்கள். யார் பிரித்தார்கள் என்று கேட்டேன். வாசலில் இருந்தவர்கள் எழுந்து உள்ளே போனார்கள். குடியிருக்கிறவருக்கு மனை என்றுதான் சட்டம். குடிசையே இல்லையென்றால் குடியிருந்ததற்கு என்ன அத்தாட்சி?

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. டவுன் கோயிலில் பூசைக்கு முன்னால் குருவிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஆறேழு பேர். உள்ளே போய் என்ன சொல்வது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்தேன். சூடம் அணைக்கவில்லை என்று சொல்ல முடியாது, அது பாவம் இல்லை. பொய் சொன்னேன் என்றும் சொல்ல முடியாது, ஒரு பொய்யும் சொல்லவில்லை. பத்துக் கட்டளைகளையும் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன். எதிலும் நான் மாட்டவில்லை. அவ்வளவு சுத்தமாக இருந்தேன். அந்தச் சுத்தத்தை நினைத்தபோதுதான் எனக்குப் புரிந்தது. மதம் சூடத்தை மட்டும்தான் தடுத்தது. மனு எழுதத்தான் வந்தார், பதினொரு வீட்டுக்கு மனை கேட்டு நான்தான் எழுதினேன், இதோ பதிவேட்டில் இருக்கிறது என்று அதே இடத்தில், சூடத்தைத் தொடாமலே, சத்தமாகச் சொல்வதை எந்த மதம் தடுத்தது? அதைச் சொல்லாமல் விட்டது வேதத்துக்குப் பயந்து இல்லை. என் அறைக்குப் பயந்து. மதத்தை முன்னால் நிறுத்திவிட்டு நான் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

எனக்கு முன்னால் ஒரே ஒரு அம்மா இருந்தபோது வரிசையை விட்டு விலகினேன். பூசையும் பார்க்கவில்லை. நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன்.

பதிவேட்டோடு மனுவையும் ஏனோ அன்று பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தேன். அங்கே இருந்த அதிகாரி வயதானவர், அலுத்துப்போன மனிதர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அந்த ரேகையையும் உற்றுப் பார்த்துவிட்டு, உங்களுக்கு அப்பா அம்மா இருக்காங்களாம்மா என்று கேட்டார். இருக்கிறார்கள் என்றேன். இதை எழுதிக் கொடுத்தால் கோர்ட்டுக்கு வரவேண்டி இருக்கும், எதிர்த்தரப்பு வக்கீல் என்னென்னவோ கேட்பார், நாளைக்கு உங்களுக்கு ஒரு நல்லது நடக்க வேண்டாமா, வீட்டில் கேட்டுக்கொண்டு வாருங்கள் என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நான் பேனா கேட்டு வாங்கி எழுதினேன். இரண்டு பக்கம். கீழே கையெழுத்துப் போட்டேன்.

திரும்பி வந்து மிராசுதாரிடமும் நேரில் சொன்னேன். அவர் கடைசிவரை கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்:

"அன்னைக்கே அம்மன் முன்னால சொல்லியிருந்தா நான் நம்பியிருப்பேன். இப்ப போலீசுல எழுதிக் குடுத்துட்டு வந்து சொல்றீங்க. இத நான் எதுக்கு நம்பணும்?"

மாசக் கடைசிக்குள் அறையைக் காலி செய்யும்படி மரியாதையாகத்தான் சொன்னார். காப்பி அன்றோடு நின்றது.

வேறு இடம் கிடைக்கவில்லை. மிராசுதார் வீடு இருந்த பெரிய தெருவில் கேட்டால் உதட்டைப் பிதுக்கினார்கள். தெற்குத் தெருவில் போய் இருக்கலாம் என்றால், என்னால் அவர்களுக்கு இன்னொரு தொல்லை வரும். பள்ளிக்கூடத்திலேயே பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு இரண்டு மாதம் இருந்தேன். வீட்டிலிருந்து அப்பா வந்து அழைத்தார், போகவில்லை. பேசி முடிக்கிற நிலையில் இருந்த ஒரு சம்பந்தம் நின்றுபோனது. அதை அம்மா கடிதத்தில் நேரடியாக எழுதவில்லை, எழுதாமலே எனக்குப் புரிந்தது. பகலில் பிள்ளைகள் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தார்கள். சாயந்தரம் அவர்கள் போன பிறகு அந்தக் கட்டடத்தில் என் காலடிச் சத்தம் தவிர வேறு சத்தம் இருக்காது. அழுதிருக்கிறேன். செய்தது சரிதான் என்று தெரிந்திருந்தும் அழுதிருக்கிறேன். சரியானதைச் செய்தால் மனசு நிறைந்திருக்கும் என்று யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். எனக்கு நிறையவில்லை. தாமதமாகச் செய்ததால் இருக்கலாம்.

அந்த நாட்களில் பத்துக் குடிசைக்காரர்களும் ஒவ்வொருவராக வந்தார்கள், இந்தத் தடவை பட்டப்பகலில். புதிதாக மனு எழுதினேன். பதினோராவது வீட்டையும் சேர்த்துத்தான் எழுதினேன்.

வழக்கு வைகாசியில் கோர்ட்டுக்கு வந்தது. என்னைக் கூண்டில் ஏற்றிக் கடவுள் சாட்சியாக உண்மையைச் சொல்வதாகச் சத்தியம் செய்யச் சொன்னார்கள். ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல் செய்தேன். கீழே இறங்கும்போதுதான், இங்கே சத்தியம் எவ்வளவு சுலபமாக வந்தது என்று உறைத்தது. அதிகாரி சொன்னது போல எதிர்த்தரப்பில் கேட்கத்தகாத கேள்விகளைக் கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். தீயை யார் வைத்தார்கள் என்பது கடைசிவரை தெரியவில்லை. வெளியூர் ஆள் போட்ட பீடி நெருப்பு என்றார்கள், நெல் அவித்த அடுப்பிலிருந்து பறந்த பொறி என்றார்கள். அவர் மேல் குற்றமில்லை என்று பின்னால் விடுதலை ஆனது.

சாட்சி சொல்லிவிட்டு கோர்ட் வராந்தாவில் பஸ் நேரத்துக்காகக் காத்திருந்தேன். நல்ல வெயில். அவர் தன் மனைவியோடு கொஞ்சம் தள்ளி நின்றிருந்தார். ஜாமீனில் வந்தவர். மூன்று வாரம் உள்ளே இருந்ததிலேயே ஆள் பாதியாகிவிட்டிருந்தார். இப்போது மைத்துனர் வீட்டில் இருப்பதாகவும், உப்பளத்து வேலைக்குப் போவதாகவும் அந்த அம்மா சொன்னார். அவர்களுடைய மனை என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. தாசில்தார் ஆபீஸில் மற்ற பத்துக்கும் சரி என்று சொல்லிவிட்டு, அந்த ஒன்றுக்கு மட்டும் குடியிருப்பு இல்லை என்று எழுதிவிட்டதை நான் முன்பே தெரிந்துகொண்டிருந்தேன்.

நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். ஏன் அன்றைக்கு என் பெயரைச் சொல்லவில்லை என்றும் கேட்டேன். அவர் இதென்ன கேள்வி என்பது போலப் பார்த்தார்.

"சொன்னா நீங்க இருக்கற எடம் போயிடுமேங்க" என்றார்.

சூடத்தை அணைக்காதது என் மதத்துக்காகத்தான் என்று மறுபடியும் ஏதோ சொல்லத் தொடங்கினேன். அவர் தலையை ஆட்டினார்.

"சூடம் கெடக்குதுங்க. அது உங்க சாமிக்கு ஆகாது, அதுல எனக்கு வருத்தமில்ல. உங்க சாமி பேரச் சொல்லியே முழுசாச் சொல்லியிருக்கலாமுங்க. அவங்க காதுல ஏறலன்னாலும் எனக்குக் கேட்டிருக்கும். அம்புட்டுப் பேரு நடுவுல தனியா நிக்கறப்ப அது ஒண்ணு போதும்."

அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. தாகத்துக்குத் தண்ணீர் கிடைக்கவில்லை என்று சொல்கிற மாதிரிதான் சொன்னார். பிறகு அவர்கள் பஸ் வந்துவிட்டது. அந்த அம்மா ஏறும்போது ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். அதற்குப் பிறகு அவர்களை நான் பார்க்கவே இல்லை. ஜூன் மாதம் எனக்கு மாறுதல் வந்து திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் போய்விட்டேன். கல்யாணம் ஆயிற்று, பிள்ளைகள் ஆயிற்று, ஓய்வும் பெற்று இப்போது தஞ்சாவூரில் இருக்கிறேன்.

அந்தக் காலத்தில் நான் தனியாக இருந்தேன், தனியாக இருந்தேன் என்று இத்தனை வருஷம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கதவைப் பூட்டிக்கொள்ள எனக்கு ஓர் அறையாவது இருந்தது. அன்று காலை கல்லுக்கு முன்னால் நின்ற மனிதருக்கு அதுகூட இல்லை. பத்தடி தூரத்தில், அவருக்கு ஒரே துணையாக இருந்திருக்கக்கூடியவள், தன் ஆத்துமாவைப் பத்திரமாகப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

இன்றுவரை நான் எந்தக் கோயில் முன்னாலும் சூடம் அணைத்ததில்லை, இனியும் அணைக்கப் போவதில்லை. ஆனால் என் வேதம் இதற்கு இடம் கொடுக்காது என்று வாய் வரைக்கும் வரும்போதெல்லாம், நான் அப்படிச் சொல்வதால் யாராவது தனியாக நிற்கப் போகிறார்களா என்று ஒருமுறை சுற்றிப் பார்த்துக்கொள்கிறேன்.